பன்னிரண்டாம் வீடு

சேலத்தில் இதுவரை பதினோரு வாடகை வீடுகள்.
குகை, கிச்சிப்பாளையம், செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு,
அழகாபுரத்தில் ஒழுகிய ஒன்று.
நடுவில் உள்ளவற்றை
பழைய கேஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
இப்போது கன்னங்குறிச்சி.
எல்லா ஓனர்களும் சாவியோடு தந்தது ஒரே வாக்கியம்:
சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுராதீங்க.

பன்னிரண்டாவதுக்குச் சக்கரம் உண்டு.
கல்யாணங்களுக்கு ஆள் ஏற்றி ஓய்ந்த டெம்போ டிராவலர்.
சீலநாயக்கன்பட்டியில் மாதேஷின் பட்டறையில்
சீட்டுகளைப் பிடுங்கியபோது அடியில் கிடந்தன
காய்ந்த கனகாம்பரம்,
ஒற்றைக் கொலுசின் திருகாணி,
வாந்திக்குப் பயந்து யாரோ வாங்கி
முகராமலே விட்ட எலுமிச்சை, கல்லாகி.

அர்த்தநாரி நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார்.
முப்பத்தோரு வருஷம் ஜவ்வரிசி ஆலையில் எடை போட்ட கை.
தண்ணீர் எண்பது லிட்டர் என்றால் எண்பது கிலோ.
கட்டில், அடுப்பு, சின்ன சிலிண்டர்,
அவர், நான்.
என்னைக் கேட்காமலே ஒரு எண் எழுதி,
என் முகத்தைப் பார்த்து
இரண்டு கிலோ குறைத்தார்.
பக்கெட், மூடி, மரத்தூள்
மூன்றையும் சேர்த்து ஒரே சொல்: இதர.

எங்கே என்பதில் மட்டும் சண்டையில்லை.
மாடியில் துணி எடுக்கும்போதெல்லாம்
எதிரே நிற்கிற மலை.
இருட்டியதும் அதன் இடுப்பில் ஊர்கிற விளக்குகள்.
"இந்தா இருக்கற ஏற்காட்டுக்கு
வீட்டையே தூக்கிட்டா போவீங்க?"
கொழுந்தனார் சிரித்தார். ஜாதகம் பார்க்கிறவர்.
"பன்னிரண்டாம் வீடுன்னா விரயம், அண்ணி."
கொஞ்சம் பொறுத்து, நியாயமானவர் என்பதால்,
சயனமும் அதுதான், தூர தேசமும் அதுதான் என்றார்.
முப்பது கிலோமீட்டர் தூர தேசம்.

அடிவாரம் வழியில் இருபது கொண்டை ஊசி.
குப்பனூர் வழி கொஞ்சம் தாராளம்
என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னாராம்.
ஏறுவது குப்பனூர். இறங்குவது?
"இறங்கறதப் பத்தி இப்பப் பேசாத."
வண்டி உயரம் ஒன்பதேகால் அடி.
சிவப்பு மையில்: பலாக்கிளை, கவனம்.
முதல் ராத்திரி நாகலூர்ப் பக்கம்,
ஒரு காபித் தோட்டத்துக் களத்தில்,
மிளகு காயாத நாளாக இருந்தால்.
அடுத்த நாள் மஞ்சக்குட்டை, காலை வெயில்,
"அவளுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தம்."
எனக்குப் பிடித்த இடம் எதுவென்று
எனக்கே இன்னும் தெரியாது.
இரண்டாம் ராத்திரிக்கு எதுவும் எழுதவில்லை.
இந்த மனிதர் காலியாக விட்ட பக்கத்தை
நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
காலண்டர் மாட்ட ஒரு ஆணி.
மாதேஷ் தலையைச் சொறிந்தான்.
"இந்தப் பக்கம் வயர் ஓடுதுங்க்கா,
அந்தப் பக்கம் தண்ணி டேங்கு.
சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுராதீங்க."
நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று
அவனுக்கு விளங்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
வீட்டு வாசலிலேயே வண்டியில் படுத்துப் பார்த்தோம்.
கால் நீட்டினால் அடுப்பு. புரண்டால் அர்த்தநாரி.
பத்து மணிக்குக் கண்ணாடியில் தட்டல்.
ஓனரம்மா ரோசலின், நைட்டிமேல் துண்டோடு.
"கேட்டை மறைச்சு நிக்குதே, எப்ப எடுப்பீங்க?"
விடியக்காலை நாலு மணிக்கு என்றேன்.
போகவில்லை. எட்டிப் பார்த்தார்.
"உள்ளாற அடுப்பெல்லாம் இருக்குதா?"
ஏறி வந்து, கட்டிலை அமுக்கிப் பார்த்து,
உட்கார்ந்து,
வெற்றுச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்க ஒரு காலண்டர் மாட்டலாமே."

அடுப்பைப் பற்ற வைத்தேன்.
மூன்று டம்ளருக்குத் தண்ணீர்.
அர்த்தநாரி நோட்டை எடுத்து
எண்பதில் அதைக் கழித்தார்.
முன்கண்ணாடியில் மலை. அதில் ஒரு விளக்கு,
எத்தனையாவது வளைவோ,
நின்றுவிட்டது போலிருந்தது.
டீ கொதித்து மேலே வந்தபோது
நகர்ந்தது.